லாரி டேஷ்போர்டும் நாலு ஸ்க்ரூவும்

திருப்பூர் என்றதும் எல்லோரும் பனியனைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். 1978-ல் இத்தாலியில் இருந்து வெரோனா என்ற வியாபாரி வந்தது, ஏற்றுமதி தொடங்கியது... இந்தக் கதை நம்ம வகுப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தப் பனியனை 300 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கும் தூத்துக்குடி துறைமுகம் வரை சுமந்து போன லாரியைப் பற்றி யாரும் எழுதிக் காணோம். அதனால் இந்த முறை லாரி. அதிலும் டிரைவருக்கு முன்னால் இருக்கும் டேஷ்போர்டு மட்டும். சிரிக்காமல் படியுங்கள் :-)

முதலில் அந்தச் சொல். டேஷ்போர்டு என்பது மோட்டார் வருவதற்கு முன்பே இருந்தது. குதிரை வண்டியில், குதிரையின் குளம்பு கிளப்பும் சேறு வண்டிக்காரர் மேல் அடிக்காமல் இருக்க முன்னால் ஒரு பலகை வைத்தார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். குதிரை போய் என்ஜின் வந்தது, பலகையும் பெயரும் மட்டும் தங்கிவிட்டன. பிறகு அதில் மீட்டர்களை மாட்ட ஆரம்பித்தார்கள்.

மீட்டர்களுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. ஆயில் பிரஷர் மீட்டரின் உள்ளே இருப்பது வளைந்த ஒரு பித்தளைக் குழாய். அழுத்தம் ஏறினால் குழாய் கொஞ்சம் நிமிரும், முள் நகரும். பிரான்சில் யூஜின் போர்டன் 1849-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது அது நீராவி பாய்லருக்கு. கேபிளில் சுழலும் காந்தத்தால் முள்ளை இழுக்கும் ஸ்பீடோமீட்டர் ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ஸே 1902-ல் காப்புரிமை பெற்றது. நமக்குப் பக்கத்தில் கோயம்புத்தூரிலேயே 1975-ல் பிரிக்கால் வேலையைத் தொடங்கி, வண்டி மீட்டர்களைச் செய்ய ஆரம்பித்தது. பைக் ஓட்டுகிறவர்கள் உங்கள் ஸ்பீடோமீட்டரில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இப்போது லாரிக்கு வருவோம். எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டெல்கோ 1954-ல் பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. இந்தக் கம்பெனிகள் பல காலம் பெரும்பாலும் விற்றது பாதி லாரிதான்! சேஸ், என்ஜின், முன்பக்க மூக்கு, ஸ்டீயரிங், ஒரு தகர மீட்டர் பலகை. அவ்வளவுதான். கூரையும் இல்லாமல் கதவும் இல்லாமல், தலையில் ஹெல்மெட்டோ துண்டோ கட்டிக்கொண்டு டிரைவர்கள் வெறும் சேஸை ஓட்டிப் போவதை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். மீதி லாரியைக் கட்டியது நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகள். மரச்சட்டம், தகரம், பிளைவுட், ரெக்ஸின், சாமி படத்துக்கு ஒரு மாடம், எல்லாம் அங்கேதான்.

அந்த வண்டிகளில் புதிதாக ஒரு மீட்டர் வைப்பது ஒரு விஷயமே இல்லை. மீட்டர் பலகையில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வரும். இடம் போதவில்லையா? பக்கத்துப் பிளைவுட்டில் வட்டமாக ஓட்டை போட வேண்டியதுதான். அசிங்கமாகிவிட்டால் பட்டறைக்காரர் ஒரு ரெக்ஸின் துண்டை ஒட்டி மறைத்துவிடுவார். "சேதாரம்" என்ற கவலையே அங்கே கிடையாது என்பது என் கருத்து. ஏனென்றால் அந்தக் கேபின் பிறந்த ஊர் பக்கத்திலேயே இருந்தது.

சரி, எதற்குக் கூடுதல் மீட்டர்? ஆடம்பரத்துக்கு இல்லை. திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு வெளியூர்க் கிணறுகளில் இருந்து தண்ணி லாரி ஓடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். (பவானி பக்கமிருந்து குழாயில் தண்ணீர் வந்தது 2005-ல்தான்.) முழு லோடு, சின்ன கியர், மெதுவான வேகம், மேலே வெயில். ரேடியேட்டருக்குள் எதிர்க்காற்று போதாமல் என்ஜின் சூடேற இதைவிட வேறென்ன வேண்டும்? சூடு மீறினால் முதலில் ஹெட் கேஸ்கட் போகும், அதற்கு மேல் போனால் பிஸ்டன் சீஸ். ஒரே லாரியைக் கடனில் வாங்கி ஓட்டுகிறவருக்கு அதோடு கதை முடிந்தது, தவணை மட்டும் நிற்காது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தண்ணீர் முழுக்க ஒழுகிப் போய்விட்டால் டெம்பரேச்சர் மீட்டர் பொய் சொல்லும்! சென்சார் தண்ணீரில் முங்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். வெறும் காற்றில் தொங்கினால் முள் இறங்கக்கூட செய்யலாம். அதனால் விவரமானவர்கள் மீட்டரோடு, தண்ணீர் மட்டம் குறைந்தால் கத்தும் ஒரு பஸ்ஸரையும் சேர்த்து மாட்டுவார்கள்.

காட்சி மாறியது கம்பெனியிலேயே முழுதாகக் கட்டிய கேபின்கள் பரவியபோது. 1998-ல் வோல்வோ, 2009-ல் டாடா பிரைமா, 2012-ல் ஒரகடத்தில் இருந்து பாரத்பென்ஸ். டேஷ்போர்டு இப்போது அச்சில் வார்த்த பிளாஸ்டிக். ஸ்க்ரூ பாதி, கண்ணுக்குத் தெரியாத கிளிப் பாதி. ஸ்க்ரூவும் சின்ன மூடிக்குக் கீழே ஒளிந்திருக்கும். டிரைவர் வசதிக்கு இது எவ்வளவோ மேல், அதை மறுக்க முடியாது. ஆனால் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் கிளிப்பின் காது ஒடியும். ஒடிந்தால் ரெக்ஸின் ஒட்ட முடியாது. அந்தப் பலகம் முழுதாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் வாழ்நாள் முழுக்க கடகடவென்று ஆடும்.

அப்போதுதான் உடைக்காமல் கழற்றுவது தனி வேலையானது. முதலில் பேட்டரி நெகட்டிவை எடுக்க வேண்டும். மூடிகளைத் தேடி எல்லா ஸ்க்ரூவையும் எடுத்த பிறகே இழுக்க வேண்டும். நெம்ப இரும்பு கூடாது; பிளாஸ்டிக் பட்டையோ துணி சுற்றிய மூங்கில் பத்தையோ போதும். ஓரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு கிளிப்பாக விட வேண்டும். பலகம் விலகியதும் வெடுக்கென்று இழுத்தால் பின்னால் ஒயர் கனெக்டர் பிய்ந்துவிடும், அதன் பூட்டை அமுக்கித்தான் கழற்ற வேண்டும். வெயிலில் பல வருடம் காய்ந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி, அதற்கு இரண்டு மடங்கு பொறுமை தேவை.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு சிக்கல் பிளாஸ்டிக்கோடு நிற்கவில்லை. என்ஜின் சென்சார்கள் கம்ப்யூட்டரோடு பேசுகின்றன. அந்த ஒயரிலேயே புது மீட்டரையும் கோத்தால் இரண்டுமே தப்பாகக் காட்டும். புது மீட்டருக்குத் தனி சென்சார், தனி ஒயர், தனி ஃபியூஸ் வேண்டும். பல வண்டிகளில் கம்பெனி மீட்டரின் முள், சூடு கொஞ்சம் ஏறினாலும் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். டிரைவர் பதறக் கூடாதாம்! தனி மீட்டரைத் தேடுகிறவர்கள் அந்த நடு முள்ளை நம்பாதவர்கள்தான்.

2025-ல் இருந்து புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்குக் கேபின் ஏசி கட்டாயம். வெயிலில் வேகிற டிரைவர்களுக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனால் ஏசி குழாய்களும் டேஷ்போர்டுக்குப் பின்னால்தான் போகின்றன, ஆகவே கை நுழைய இருந்த கொஞ்ச இடமும் குறைகிறது. இனி பலகையைக் கழற்றுவதைவிட, கண்ணாடி ஓரத் தூணில் ஒரு சின்ன கிண்ணம் வைத்து மீட்டரை அதில் உட்கார வைப்பதுதான் சுலபம். சாமி படத்துக்கு மட்டும் வேறு இடம் பார்க்க வேண்டும்.