எலும்பு சொல்லும் உறவுமுறை

போன வாரம் எதிர்வீட்டுப் பெரியவர் மூன்று அண்ணன் தம்பிகள் கதையை மறுபடியும் சொன்னார். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டவர்களில் பெரியண்ணன் நம் சேர்வராயன் மலைக்கு வந்தாராம். மற்ற இருவரும் கொல்லிமலை, பச்சைமலைப் பக்கம் போனார்களாம். இங்குள்ள மலையாளி மக்கள் எல்லோரும் அறிந்த கதைதான். சொல்லி முடித்துவிட்டு, "ஏன் சார், பழைய எலும்பை வச்சு யாருக்கு யார் சொந்தம்னு கண்டுபிடிக்கிறாங்களாமே, எங்க கதையையும் சொல்லிருவாங்களா?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நாலு நாள் படித்துவிட்டு எழுதுகிறேன்.

பள்ளியில் பிரெஞ்சில் படித்ததன் பலன், பிரான்சு சமாச்சாரம் என்றால் கண் தானாக அங்கே போய்விடும். பாரீசுக்குத் தென்கிழக்கே குர்ஜி என்று ஓர் ஊர். ஏறத்தாழ 6,500 ஆண்டுகளுக்கு முந்தைய இடுகாடு அங்கே அகப்பட்டது. தோண்டி எடுத்த 128 பேரில் 94 பேரின் மரபணுவைப் படித்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் 64 பேர் ஒரே குடும்பம், ஏழு தலைமுறை! புதுச்சேரியில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளோடு பல வருடம் குப்பை கொட்டியவன் நான். 'எத்தா சிவில்' ஏடுகளைப் புரட்டினால் ஒரு தெருவின் வம்சாவளியையே எழுதிவிடலாம். ஆனால் ஏடு, வந்தவர் வாயால் சொன்னதைத்தான் எழுதிக்கொள்ளும். எலும்புக்கு அந்தச் சலுகை இல்லை.

குர்ஜியில் மகன்கள் பிறந்த ஊரிலேயே இருந்து, அப்பாவின் பக்கத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வயதுக்கு வந்த மகள்களைக் காணோம், கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மருமகள்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குள்ளும் பெரும்பாலும் சொந்தம் கிடையாது. நம் வீடுகளில் அப்படியா? வெளியே போன மகளின் மகள், மருமகளாகத் திரும்பி வருவாள். என் மனைவியே என் மாமன் மகள்தான். அப்படிச் சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைக்குத் தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரே மரபணுத் துண்டு வந்து சேரும். அது எலும்பிலும் தெரியும்.

கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் முதுமக்கள் தாழிகளில் எலும்புகள் கிடைத்திருக்கின்றன அல்லவா? அவற்றின் மரபணுவை எடுக்க மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முயன்று வருகிறார்கள். முழுதாகக் கிடைத்தால், அத்தை மகள், மாமன் மகள் முறை அன்றைக்கே இருந்ததா என்று பார்க்கலாம். கீழடி என்றாலே 'யார் முதலில் வந்தவர்' என்று சண்டைக்குக் கிளம்பிவிடுகிறோம். எனக்கு அதைவிட இந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது.

நம் வெயில்தான் எதிரி. சூட்டிலும் ஈரத்திலும் மரபணு சிதைந்துபோகும். காதுக்கு உட்புறம் உள்ள கெட்டி எலும்பில்தான் ஓரளவு தங்கும். அரியானாவின் ராக்கிகடியில் 61 மாதிரிகளைப் பார்த்து, ஒரே ஒரு பெண்ணுடையதுதான் தேறியது. அது 2019இல் வெளிவந்தது.

இனி பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். கூடப்பிறந்தவர்களுக்குள் மரபணு சுமார் பாதி ஒத்துப்போகும். அவர்களின் பிள்ளைகளுக்குள் எட்டில் ஒரு பங்கு. இப்படியே தேய்ந்து, பத்துத் தலைமுறை தாண்டினால் ஒரே பாட்டனின் வாரிசுகள் இருவரிடம் பொதுவான துண்டு ஒன்றுகூட இல்லாமல் போகலாம். மூன்று மலை மக்களும் எவ்வளவு நெருக்கம் என்று மொத்தமாகச் சொல்லலாமே தவிர, பெரியண்ணனை அடையாளம் காட்ட முடியாது.

இதைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு குர்ஜிக் கதையின் மிச்சத்தைச் சொன்னேன். அந்த 64 பேருக்கும் மூத்த பாட்டன் முதலில் வேறெங்கோ புதைக்கப்பட்டவர். பிள்ளைகள் குர்ஜிக்கு வந்தபோது அவர் எலும்புகளையும் சுமந்து வந்து, ஒரு பெண்ணின் பக்கத்தில் மறுபடி அடக்கம் செய்திருக்கிறார்கள்.

"அந்த அம்மா யாரு?"

"அவங்க மரபணு கிடைக்கலை."

"சம்சாரமாத்தான் இருக்கும்" என்றார் பெரியவர்.