காக்கிக்குள் போகும் நம் பிள்ளைகள்

சங்கரன்கோவில் பக்கம் விடியுமுன் எழுந்து ரோட்டோரம் ஓடும் பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் நம் சேரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "லாக்கப்பில் நம்மை அடிக்கிற துறைக்கா நம்ம புள்ளைங்க போகணும்?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். "போலீசுக்கு மன அழுத்தம் இருந்தால் நமக்கென்ன?" என்றும் கேட்கிறார்கள். கொடியன்குளத்தையும் (1995) தாமிரபரணியையும் (1999) பார்த்தவர்களுக்கு இப்படிக் கேட்கும் உரிமை உண்டு. பதில் சொல்ல நாம் கொஞ்சம் வரலாற்றுக்குள் போக வேண்டும்.

நம் வட்டாரத்தில் காவல் என்பது முதலில் அரசு வேலை அல்ல. அது பாளையக்காரர்களின் உரிமை. காவலுக்குக் கூலியாக ஊர்கள் வரி கட்டின. 1801-க்குப் பிறகு கம்பெனி அந்த உரிமையைப் பிடுங்கி, போலீஸ் வேலையையும் வரி வசூலையும் ஒரே அதிகாரிகள் கையில் கொடுத்தது. வரி கட்டாத குடியானவனுக்கு விரலை நெரிக்கும் 'கிட்டி', குனியவைத்துக் கட்டிப்போடும் 'அண்ணாந்தாள்' ஆகிய சித்திரவதைகள் நடந்ததை 1855-இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவே பதிவு செய்தது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் 1859-இன் 24-ஆம் சட்டம் வந்தது, இன்றைய போலீஸ் பிறந்தது.

ஆனால் எந்த மாதிரியில் பிறந்தது என்பதைக் கவனியுங்கள். அயர்லாந்து மக்களை அடக்கி வைக்க ஆங்கிலேயர் வைத்திருந்த படைதான் முன்மாதிரி. மேலே வெள்ளை அதிகாரி, கீழே கேள்வி கேட்காத கான்ஸ்டபிள். 1902-03-இல் ஃப்ரேசர் தலைமையிலான போலீஸ் கமிஷன் நாடு முழுவதும் விசாரித்துவிட்டு, போலீசுக்குப் பயிற்சி போதாது, சம்பளம் போதாது, ஊழலும் ஒடுக்குமுறையும் நிறைந்திருக்கிறது என்று எழுதியது. சம்பளக் குறையும் மக்கள் மீதான ஒடுக்குமுறையும் அந்த ஒரே அறிக்கையில் சேர்ந்தே வருகின்றன.

அந்தக் காக்கிக்குள் நம்மவர்கள் எளிதில் நுழையவில்லை. பம்பாய் மாகாணத்தில் மகர்களுக்குப் போலீஸ் வேலை மறுக்கப்பட்டது. 1928-இல் சைமன் குழுவிடம் கொடுத்த அறிக்கையில், ராணுவத்திலும் போலீசிலும் ஒடுக்கப்பட்டோரைச் சேர்க்க உத்தரவாதம் வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் கேட்டார். அதிகாரம் இருக்கும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இன்று தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதில் 2009 முதல் 3 விழுக்காடு அருந்ததியருக்கு. விடியற்காலையில் ஓடும் பிள்ளைகள் அந்தக் கோரிக்கையின் வாரிசுகள்.

உள்ளே போனபின் என்ன நடக்கிறது? 1966-ஆம் ஆண்டுச் சட்டம் போலீசாருக்குச் சங்கம் சேரும் உரிமையை அனுமதி என்ற பூட்டுக்குள் வைத்தது. 1979-இல் காவலர் கிளர்ச்சி பல மாநிலங்களில் வெடித்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில், அதிகாரி வீட்டு வேலைக்குக் காவலரை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறை ஒழிக்கப்பட்டதாக அரசாணை வந்தது. 43 ஆண்டு கழித்து, 2022-இல், அது இன்னும் ஒழியவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. 2018-இல் நிம்ஹான்ஸ் உதவியுடன் காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி தொடங்கியது. வார விடுமுறைக்கு 2021-இல்தான் அரசாணை வந்தது.

நம் ஊர்க் காலண்டரைப் பாருங்கள். ஆடித்தபசு முடிந்ததும் ஆகஸ்ட் 20 பச்சேரியில் ஒண்டிவீரன் நினைவு நாள். செப்டம்பர் 1 நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் பிறந்த நாள். அடுத்து செப்டம்பர் 11 பரமக்குடி, அக்டோபர் 30 பசும்பொன். பந்தோபஸ்துக்குப் போகும் காவலர் எங்கே தூங்குகிறார், பிள்ளையை எப்போது பார்க்கிறார்? மேலிடத்தில் வாங்கிய வசவை அவர் எங்கே இறக்கி வைப்பார்? தனக்குக் கீழே யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில்தான். அந்த இடத்தில் பெரும்பாலும் நாம் நிற்கிறோம்.

இதை லாக்கப் அடிக்கு மன்னிப்பாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சாத்தான்குளத்தில் 2020-இல் ஜெயராஜும் பென்னிக்சும் கொல்லப்பட்டதற்குக் களைப்பு காரணமாகாது. குற்றவாளிக்குத் தண்டனை வேண்டும். அதோடு, அடுத்த குற்றவாளியை உருவாக்கும் அமைப்பும் மாற வேண்டும்.

வன்கொடுமை வழக்கை டிஎஸ்பி தகுதிக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும் என்பது 1995 விதி. 2015-இல் கோகுல்ராஜ் கொலையை விசாரித்தவர் திருச்செங்கோடு டிஎஸ்பி விஷ்ணுபிரியா. தலித் பெண், இளம் வயது. அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று குடியிருப்பில் இறந்து கிடந்தார். மேலதிகாரிகளின் நெருக்கடி பற்றிச் சக அதிகாரி ஒருவர் வெளிப்படையாகப் பேசினார். வழக்கு சிபிஐ வரை போனது. அந்த மரணத்தைப் பற்றி நாம் தீர்ப்பு எழுதவில்லை. நமக்காக விசாரிக்கும் அதிகாரிக்கு யார் துணை நிற்கிறார்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

ஆகவே இவற்றை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம்: வார விடுமுறை நிலையத்தில் நடைமுறைக்கு வர வேண்டும். பயிற்சிப் பள்ளியில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை வழக்குகளோடு கற்பிக்க வேண்டும். துறைக்குள் நடக்கும் சாதி அவமதிப்பைப் பயமின்றிச் சொல்லத் தனி அமைப்பு வேண்டும். மனநல ஆலோசனைக்குப் போனது பதவி உயர்வைக் கெடுக்கக் கூடாது. காவலருக்குச் சங்க உரிமை வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே, நன்றாக ஓடுங்கள், தேர்வில் வெல்லுங்கள். நாளை நிலையத்து வாசலில் புகார் மனுவோடு ஒரு கிழவி நிற்பார். அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். உங்களுக்கு ஒரு நெருக்கடி வந்தால் தனியே சுமக்காதீர்கள். எங்களிடம் வந்து சொல்லுங்கள்.