டிராக் பந்தய எஞ்சின் பிளாக்: உழைப்பும் உறுதியும்

நின்ற இடத்திலிருந்து கிளம்பி, கால் மைல் தூரத்தை (1320 அடி) நேர்கோட்டில் யார் முதலில் கடக்கிறார்கள் என்பதே டிராக் பந்தயம். அமெரிக்காவில் 1951ல் வாலி பார்க்ஸ் தொடங்கிய தேசிய ஹாட் ராட் சங்கம் (என்.எச்.ஆர்.ஏ.) இதற்கு விதிகள் வகுத்து முறைப்படுத்தியது. பார்வையாளர்களின் பேச்செல்லாம் குதிரைத்திறன் பற்றித்தான். பொறியியல் படித்தவன் என்ற முறையில் என்னை ஈர்ப்பது, அந்தத் திறனைத் தாங்கும் எஞ்சின் பிளாக்.

பிளாக் என்ன பாடுபடுகிறது?

சிலிண்டருக்குள் எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அதே விசையோடு சிலிண்டர் ஹெட்டை மேலேயும் தள்ளுகிறது. கீழே கிராங்க்ஷாஃப்டைப் பிடித்திருக்கும் மெயின் கேப்புகள் கீழ்நோக்கித் தள்ளப்படுகின்றன. இடையில் இருக்கும் பிளாக் இரு பக்கமும் இழுபடுகிறது. 4 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டு அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், விசை சுமார் 12,500 பவுண்டு, அதாவது ஐந்தரை டன்னுக்கு மேல். நிமிடத்துக்கு 7000 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 58 முறை இது நடக்கிறது.

பிளாக் உடைவதற்கு முன் வளைகிறது. சிலிண்டரின் வட்டம் குலைந்தால் பிஸ்டன் வளையங்கள் சரியாக அடைக்காது. மெயின் பேரிங்குகளின் நேர்கோடு விலகினால் எண்ணெய்ப் படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உரசும். ஆகவே உறுதியைக் கூட்டுவது என்றால் முதலில் வளைவைக் குறைப்பது.

செய்ய வேண்டியவை

பழைய வார்ப்பிரும்பு பிளாக்கானால், காந்தத்துகள் சோதனையால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களையும், மீயொலியால் சிலிண்டர் சுவரின் தடிமனையும் பார்த்துவிட வேண்டும். வார்க்கும்போது உள் அச்சு சற்று நகர்ந்திருந்தால் சுவர் ஒரு பக்கம் மெலிந்திருக்கும். அப்படிப்பட்ட பிளாக்கில் மேற்கொண்டு பணம் போடுவதில் பயனில்லை.

அடுத்தது மெயின் கேப். இரண்டு போல்ட் கேப்புகளுக்குப் பதில் நான்கு போல்ட் எஃகுக் கேப்புகளைப் பொருத்துவார்கள். வெளிப்புற போல்ட்டுகளைச் சாய்வாக இறக்கினால் அவை தடித்த உலோகத்தில் பிடிக்கும். கேப்பை மாற்றினால் மெயின் துளைகளை மீண்டும் ஒரே நேர்கோட்டில் தீட்டியாக வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர் ஓடும் அறைகளின் கீழ்ப்பகுதியில் சிமெண்ட் போன்ற நிரப்பியை ஊற்றி இறுக விடுவது. சிலிண்டர் சுவர்களுக்கு இது முட்டுக் கொடுக்கும். ஆனால் குளிர்ச்சி குறையும், எண்ணெயின் சூடு ஏறும். சில வினாடிப் பந்தயத்துக்கு முழுவதும் நிரப்பலாம். சாலையிலும் ஓட்டுவதென்றால் கூடாது. நிரப்பி இறுகும்போது துளைகள் சற்று அசையக்கூடும் என்பதால், இறுதித் தீட்டலை அதன் பிறகே செய்ய வேண்டும்.

அந்தத் தீட்டலின்போது, ஹெட் இருக்கும் இடத்தில் கனமான தகட்டை அதே இறுக்கத்தில் முடுக்கி வைப்பார்கள். ஹெட்டை முடுக்கினால் சிலிண்டர் எப்படி நெளியுமோ, அப்படி நெளிந்த நிலையிலேயே அதை வட்டமாக்கும் உத்தி இது.

பேரிங் இடைவெளிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: தண்டின் விட்டத்தில் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம். 2.5 அங்குலத் தண்டுக்கு 0.0025 அங்குலம். எண்ணெய்த் துவாரங்களில் தங்கிவிட்ட ஒரு உலோகத் துணுக்கு போதும், இத்தனையும் வீணாக.

நைட்ரோமீத்தேன் உலகம்

டாப் ஃப்யூயல் வகையில் கதை வேறு. சுமார் 8.2 லிட்டர் எஞ்சின், 90 விழுக்காடு வரை நைட்ரோமீத்தேன், 11,000 குதிரைத்திறன் அளவில் ஆற்றல். பிளாக் கெட்டி அலுமினியத்தில் கடைந்தது, தண்ணீர் அறைகளே கிடையாது. உள்ளே செருகிய உறைகளைக் கழற்றி மாற்றலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினைப் பிரித்து, பார்த்து, மாற்றிக் கட்டுகிறார்கள். நான்கு வினாடிக்கும் குறைவான ஓட்டத்தைத் தாங்கினால் அங்கே அது உறுதியான எஞ்சின்.

தாங்காவிட்டால் ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து. 2008 ஜூனில் நியூஜெர்சியின் இங்கிலீஷ்டவுனில் எஞ்சின் வெடித்து ஏற்பட்ட விபத்தில் ஸ்காட் கலிட்டா இறந்தார். அதன்பின் டாப் ஃப்யூயல், ஃபன்னி கார் வகைகளுக்கு ஓட்டத் தூரம் 1000 அடியாகக் குறைக்கப்பட்டது.

பிளாக் எவ்வளவு கெட்டியானாலும், எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் 'நாக்கிங்' தொடர்ந்தால் தப்பாது. அதனால் தீப்பொறி நேரத்தையும் எரிபொருள் கலவையையும் சரிபார்ப்பதும் பிளாக்கைப் பாதுகாக்கும் வேலைதான். ஓட்டங்களுக்கிடையே எண்ணெய் வடிகட்டியை அறுத்துத் திறந்து, மடிப்புகளில் உலோகத் தூள் மினுங்குகிறதா என்று பாருங்கள். பேரிங் தேய்வதை முதலில் சொல்வது பெரும்பாலும் அந்தக் காகிதம்தான்.