தனி வக்கீல் அலுவலகம்

தனி வக்கீல் அலுவலகம் என்பது, பதிவுபெற்ற வழக்கறிஞர் ஒருவர், சீனியரின் சேம்பரை விட்டு விலகியோ அத்தகைய சேம்பரில் சேராமலோ, தம் சொந்தப் பொறுப்பில் கட்சிக்காரர்களைச் சந்திப்பதற்கென அமைத்துக்கொள்ளும் இடமாகும். இதனை எப்போது, எங்கே அமைப்பது என்னும் பிரச்சினை, ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை போன்ற புறநகர்வாசிகளுக்குச் சற்றுக் கூடுதலான சிக்கலுடையது. பகற்பொழுது பூந்தமல்லியிலும் திருவள்ளூரிலும் உள்ள நீதிமன்றங்களில் கழிய, கட்சிக்காரரோ மாலையில் வேலை முடிந்து வந்தபின் தம் தெருவுக்கு அருகிலேயே ஆலோசனையை நாடுகிறார்.

சட்டத்தைப் பொறுத்தவரை ஜூனியராக இருந்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இன்று இல்லை. பதிவுக்கு முன் ஓராண்டுப் பயிற்சி பெறவேண்டுமென்று இந்திய பார் கவுன்சில் 1995-ல் வகுத்த விதிகளை, சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-ல் செல்லாதவையாக்கிவிட்டது. ஆகவே அகில இந்திய பார் தேர்வில் தேறியவர் மறுநாளே பெயர்ப்பலகை மாட்டலாம். ஆயினும் மனு எழுதும் முறையும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் பக்குவமும், கட்சிக்காரர் சொல்லாமல் விடுவதைக் கேட்டு வாங்கும் சாமர்த்தியமும் சேம்பரிலேயே வாய்க்கின்றன. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக அளிக்கப்படவேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் உத்தரவிட்டது. அத்தொகை எத்தனை பேர் கைக்கு ஒழுங்காக வருகிறது என்பது வேறு விஷயம்.

தனி அலுவலகம் எப்போது திறப்பது என்னும் விஷயத்தில் மிகுந்த பிரயோஜனமுள்ள சாட்சியம் காந்தியடிகளுடையது. லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1891-ல் திரும்பிய அவர், பம்பாயில் தொழில் தொடங்கி, ஸ்மால் காஸ் கோர்ட்டில் தம் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, வாய் எழாமல் அமர்ந்துவிட்டார். செலவு வருமானத்தை மிஞ்சவே ராஜ்கோட்டுக்குப் போய்ச் சொந்த அலுவலகம் வைத்தார். அங்கே மனுக்கள் எழுதுவதில் மாதம் சராசரியாக 300 ரூபாய் கிடைத்தது. ஆனால் அது தம் திறமையால் வந்ததன்று என்பதையும், தம் தமையனாருடைய தொழிற்கூட்டாளியின் செல்வாக்கால் வந்ததென்பதையும் சுயசரிதையில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அறை திறந்ததனால் வேலை வரவில்லை. வேலை வரும் வழியொன்று முன்பே இருந்ததனால் அறை நிலைத்தது. புதிதாக அலுவலகம் திறக்க எண்ணுபவர் முதலிற் கணக்கிடவேண்டியது வாடகையை அன்று, தம் பெயருக்கென்றே வரக்கூடிய வழக்குகளை. சீனியருடைய கட்சிக்காரர்கள் தம்மிடம் அன்பாகப் பேசுவதை அக்கணக்கிற் சேர்த்தல் ஆகாது.

காந்தியடிகளைப் போலவே, தொழில் தொடங்கிய ஊரில் நில்லாமல் இடம் மாறியவர்கள் பிறரும் உண்டு. வ. உ. சிதம்பரம் பிள்ளை, தந்தையாரும் வக்கீலாக இருந்த ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கி, 1900-ல் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார்.

முத்தாபுதுப்பேட்டையின் நிலை வேறு வகையானது. விமானப்படை நிலையமும், ஆவடியின் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இப்பகுதியில் படைவீரர் குடும்பங்களும் ஓய்வுபெற்றோரும் கணிசம். ஆனால் படைவீரரின் ஓய்வூதியத் தகராறுகள் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்குச் செல்வன. தெருவோர அலுவலகத்துக்கு எஞ்சுவன பட்டா, பாகப்பிரிவினை, காசோலை, குடும்ப வழக்கு முதலியனவே. இவற்றுக்கு நீதிமன்ற வாசலில் விலையுயர்ந்த அறையைவிட, மாலை ஆறு மணிக்குத் திறந்திருக்கும் வீட்டு முன்னறை உகந்தது என்பதே இக்கட்டுரையாளர் அபிப்பிராயம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் மூன்றாம் கட்டளை ஐந்தாம் விதியும் இதற்கு முரணன்று: வழக்கறிஞரின் அலுவலகத்திலோ அவர் வழக்கமாக வசிக்கும் வீட்டிலோ சேர்ப்பிக்கப்பட்ட நீதிமன்ற அறிவிப்பு, கட்சிக்காரருக்கே தெரிவிக்கப்பட்டதாக அனுமானிக்கப்படும். பூட்டிக் கிடக்கும் தனி அறையில் விழுந்த அறிவிப்பு ஒன்று கட்சிக்காரரின் வழக்கையே கெடுத்துவிடக்கூடும்.

அறையின் வாடகையை வேறு வகையில் ஈடுகட்டுவதும் எளிதன்று. பார் கவுன்சில் விதிகளின்படி வழக்கறிஞர் தாமே வியாபாரம் நடத்தலாகாது. ஆகையால் அதே அறையில் ஜெராக்ஸ் கடை வைத்து வருமானம் காணும் யோசனை தொடக்கத்திலேயே விழுந்துவிடுகிறது. விளம்பரமும் கூடாது; பெயர்ப்பலகை நியாயமான அளவினதாக இருக்கவேண்டும், அதில் இன்னவகை வழக்கில் தனித்தேர்ச்சி பெற்றவர் என்று பொறித்தலும் தகாது. எனவே முதன்மைச் சாலையில் கடைமுகப்பு எடுப்பதால் வணிகனுக்குக் கிட்டும் லாபத்தில் பாதியும் வக்கீலுக்குக் கிட்டுவதில்லை. மறுபுறம் ஒரு சலுகையுண்டு: வழக்கறிஞர் அலுவலகம் கேரளக் கடைகள் சட்டத்தின்கீழ் வணிக நிறுவனமாகாது என உச்ச நீதிமன்றம் 1984-ல் சசிதரன் வழக்கில் தீர்ப்பளித்தது.

வீட்டில் இடமில்லாதவர்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரே சேம்பரையும் ஒரே குமாஸ்தாவையும் பகிர்ந்துகொள்வது இடைவழியாகும். வாடகை, புத்தகம், தட்டச்சு ஆகிய செலவுகள் பங்கிடப்படும். வக்காலத்து மட்டும் அவரவர் பெயரில் இருக்கும். ஒருவர் ஜாமீன் மனுவுக்காகத் திருவள்ளூரில் இருக்கையில் மற்றொருவர் பூந்தமல்லியில் வாய்தா கேட்கவும் இயலும். இத்தகைய ஏற்பாட்டில் கவனிக்கவேண்டியது வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் என்பதே. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்துமூல ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியிருப்பதால், ஒப்பந்தத்திற் பெயரில்லாதவர், கூட்டு முறியும் நாளில், அட்வான்ஸையும் இழந்து, நிலுவையிலுள்ள ஒவ்வொரு வழக்கிலும் புதிய முகவரியைத் தெரிவிக்கும் தொல்லையையும் ஏற்க நேரிடும்.