105.5 டிகிரி கிழக்கு



மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. "கவிதை போதும் போதும்னு வந்தாச்சு, நீ ஏதாவது வரலாறு எழுதிக் கொடுப்பா" என்றார்கள். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனிடம் ராஜராஜ சோழனையா எதிர்பார்க்க முடியும்? வானத்தில் உள்ள ஓர் இடத்தின் வரலாற்றை எழுதுகிறேன். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 105.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. தொண்ணூறுகளில் நம் ஊர் மொட்டைமாடிகளில் நின்ற பெரிய டிஷ்களில் ஏராளமானவை அந்த ஒரு புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

அங்கே நின்றது ஆசியாசாட் 1. புத்தம்புதுசு என்று நினைக்காதீர்கள், செகண்ட் ஹாண்ட் சரக்கு! அதன் பழைய பெயர் வெஸ்டார் 6. அமெரிக்காவின் வெஸ்டர்ன் யூனியன் கம்பெனிக்காகச் செய்யப்பட்டு, 1984 பிப்ரவரியில் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தில் ஏறிப் போனது. ஓடத்திலிருந்து வெளியே விட்டபின் அதை உயரத்துக்குத் தள்ள வேண்டிய ராக்கெட் மோட்டார் சரியாக எரியாமல் பாதியில் நின்றது. செயற்கைக்கோள் தாழ்ந்த பாதையில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. கூடவே போன இந்தோனேசியாவின் பாலபா பி2-வுக்கும் அதே கதி. இன்சூரன்ஸ்காரர்கள் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு நவம்பரில் டிஸ்கவரி ஓடம் இரண்டையும் பிடிக்கப் போனது. ஜோ ஆலன், டேல் கார்ட்னர் என்ற இரு வீரர்கள் ஜெட் பொருத்திய சாதனத்தை முதுகில் மாட்டிக்கொண்டு, கயிறு எதுவும் இல்லாமல் மிதந்து போய்ப் பிடித்தார்கள். பிறகு "விற்பனைக்கு" என்று ஒரு அட்டையைக் காட்டிப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். பழைய சாமான் வியாபாரத்தில் இதைவிடப் பெரிய விளம்பரம் உண்டா! வெஸ்டாரைப் பழுதுபார்த்து, ஹாங்காங்கின் ஆசியாசாட் நிறுவனம் வாங்கியது. 1990 ஏப்ரல் 7 அன்று சீனாவின் ஷிசாங்கிலிருந்து லாங் மார்ச் 3 ராக்கெட் அதை மேலே கொண்டுபோனது. வெளிநாட்டுச் செயற்கைக்கோள் ஒன்றைச் சீனா வியாபார ரீதியில் ஏவியது அதுதான் முதல் தடவை. அமெரிக்காவுக்கு மேலே நிற்க வேண்டியது நம்ம பக்கம் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இதற்கு முன்பும் ஒரு அமெரிக்கச் செயற்கைக்கோள் நமக்காக இடம் மாறியதுண்டு. நாசாவின் ஏ.டி.எஸ். 6-ஐ 1975-இல் நகர்த்தி 35 டிகிரி கிழக்கில் நிறுத்தினார்கள். இஸ்ரோவுடன் ஒப்பந்தம் போட்டு, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு ஒரு வருடம் கல்வி நிகழ்ச்சிகள் வந்தன. (தமிழ்நாட்டுக்கு அதில் இடமில்லை.) 1976 ஜூலையோடு திட்டம் முடிந்தது, செயற்கைக்கோளும் திரும்பிப் போய்விட்டது. ஆசியாசாட்டை யாரும் அழைக்கவில்லை, ஒப்பந்தமும் இல்லை. அதன் தெற்குக் கற்றை இந்தியாவையும் சேர்த்து மூடியது, அவ்வளவுதான். 1991-இல் ஸ்டார் டிவி தொடங்கியதும், தூர்தர்ஷனை மட்டுமே பார்த்துப் பழகிய நாட்டில் எம் டிவியும், பி.பி.சி.யும், பிரைம் ஸ்போர்ட்ஸும், "சான்டா பார்பரா"வும் இறங்கின. 1992 அக்டோபர் 2 அன்று ஜீ டிவியும் அதே செயற்கைக்கோளில் ஏறிக்கொண்டது.

சிக்னல் வந்தால் மட்டும் போதுமா? பிடிக்க ஆள் வேண்டுமே. திருச்சி பக்கம் என் தாய்மாமா கடன் வாங்கிக் கேபிள் நடத்தினார். பன்னிரண்டு அடி டிஷ். நாலு கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அதன் பார்வை அகலம் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி (சந்தேகம் உள்ளவர்கள் ஆன்டெனா பாடப் புத்தகத்தைப் புரட்டலாம்). மாடியில் ஸ்பேனரோடு மாமா, கீழே டிவி முன்னால் நான். "வருது மாமா... வருது... புள்ளி புள்ளியா வருது... போச்சு!" என்று கத்துவேன். ஒருமுறை செட் ஆகிவிட்டால் நட்டை இறுக்கி, யாரையும் பக்கத்தில் விடமாட்டார். 1995 நவம்பரில் ஆசியாசாட் 2 ஏவப்பட்டு 100.5 டிகிரியில் நின்றபோது, ஐந்து டிகிரி வித்தியாசத்துக்காக இன்னொரு டிஷ் போட வேண்டியிருந்தது. அதற்கும் கடன்தான்.

இந்த ஒன்றரை டிகிரியில்தான் விஷயமே இருக்கிறது. செயற்கைக்கோளுக்கு வயதாகும், எரிபொருள் தீரும். அடுத்தது அதே இடத்தில் வந்து நின்றாக வேண்டும். ஆசியாசாட் 1-க்குப் பதிலாக 1997 டிசம்பர் கடைசியில் பைகோனூரிலிருந்து புரோட்டான் ராக்கெட்டில் ஆசியாசாட் 3-ஐ அனுப்பினார்கள். கடைசிக் கட்ட எஞ்சின் காலை வாரியது. திரும்பவும் பயனற்ற பாதை, திரும்பவும் இன்சூரன்ஸ்! அதைத் தயாரித்த ஹியூஸ் கம்பெனி அதைக் கையிலெடுத்து, 1998 மே மாதம் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை நிலாவைச் சுற்ற வைத்து, நிலாவின் ஈர்ப்பு விசையால் பாதையைத் திருத்திக் காப்பாற்றியது. நிலா வரை போன முதல் வியாபாரச் செயற்கைக்கோள் அது. என்ன செய்ய, கைமாறிப் போன அது 105.5-க்கு வரவேயில்லை.

மாமாவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் சந்தா வசூலித்துக்கொண்டிருந்தார். அவருடைய பிழைப்பு மேலே ஒரு கிழட்டுச் செயற்கைக்கோளின் டாங்கில் மிச்சமிருந்த எரிபொருளை நம்பி நின்றது என்பதை, நான் நம் கல்லூரியில் படிக்கும்போதுதான் புரிந்துகொண்டேன்.

1999 மார்ச்சில் ஆசியாசாட் 3எஸ் ஏவப்பட்டு, ஒழுங்காக 105.5-இல் போய் நின்றது. சேனல்கள் அதற்கு மாறின. பழையதை 122 டிகிரிக்கு நகர்த்திவிட்டார்கள். திருச்சியிலிருந்து கணக்குப் போட்டால், 105.5-க்கு டிஷ்ஷை 56 டிகிரி நிமிர்த்த வேண்டும், 122-க்கு 39 டிகிரிதான். அதாவது சேனல்கள் பழைய செயற்கைக்கோளோடு போயிருந்தால், நாடு முழுக்க ஒவ்வொரு மாடியிலும் நட்டைக் கழற்றியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பக்கத்து மரமோ மாடியோ மறைத்து டிஷ்ஷுக்கு வேறு இடம் தேடும் வேலையும் யாருக்கும் வரவில்லை. அந்த வருடம் ஏழாம் வகுப்பில் இருந்த நானும் ஒன்றும் கவனிக்கவில்லை.

நம் விடுதி மாடியிலும் அந்தக் காலத்தில் ஒரு டிஷ் இருந்ததாக மூத்த பேட்ச்காரர்கள் சொல்வார்கள். நாங்கள் சேர்ந்தபோது துருப்பிடித்த தூண் மட்டும்தான் மிச்சம். அதைத் திருப்பியவர் யாராவது விழாவுக்கு வந்தால், சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் தேடிப் பிடியுங்கள் அண்ணே. எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.