தரிசு என்று எழுதப்பட்ட காடு

பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர் பாலை நிலத்தைக் கிளறுகிறார்கள். இரும்பு முனை பூட்டிய கோலால் கரம்பையைக் குத்திப் புரட்டி, புழுதி படிந்த உடம்போடு புல்லரிசி சேர்க்கிறார்கள். நிலத்தில் குழித்த உரலில் குற்றி, உவர்நீரில் உலை வைக்கிறார்கள். தொல்காப்பியம் சொல்லும் நிலங்கள் நான்குதான். பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலை என்று சிலப்பதிகாரம் விளக்கம் தருகிறது. சுருக்கமாக, கெட்டுப்போன நிலம். ஆனால் அந்த நிலத்தில் பெண்கள் உலை வைத்ததையும் அதே மரபு எழுதி வைத்தது. திணைப் பகுப்பில் மரம், விலங்கு, பறவையோடு தொழிலும் கருப்பொருளாக இருந்ததால் இது முடிந்தது.

பின்னால் வந்த வகைப்பாட்டில் தொழில் விழுந்துவிட்டது. 1936இல் வனத்துறை அறிஞர் ஹாரி சாம்பியன் இந்தியா, பர்மா காடுகளை வகைப்படுத்தினார், 1968இல் எஸ்.கே.சேத்தும் அவரும் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். தட்பவெப்பம், நில அமைப்பு, தாவரக் கூட்டம் ஆகியவற்றைப் பார்த்து 16 பெரும் பிரிவுகள். முள்காட்டுப் பிரிவுக்குள் கர்நாடகக் குடைமுள் காடு என்று ஒரு வகை உண்டு. வேறொன்றுமில்லை, நம் உடைமரக் காடுதான். குடை விரித்ததுபோல் தட்டையாக நிற்கும் மரத்தை ஒரு வன அதிகாரி தனி வகையாக மதித்தார் என்பதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அந்த அட்டவணையில் ஆடும் அரிவாளும் காட்டைச் சீரழிக்கும் காரணங்களாக மட்டுமே வருகின்றன. விறகுக்கட்டுக்குக் கீழே இருக்கும் பெண்ணின் தலை அதில் இல்லை.

என் அம்மாச்சி சிவகாசிக்கு மேற்கே ஒரு கரிசல் ஊர். அவரும் வகை பிரித்தார். கரடு, செவல், கரிசல், பொட்டல், ஓடை. கரட்டில் விராலி, சட்டென்று பற்றும். உடை விறகின் கங்கு வெகுநேரம் நிற்கும். வேலிக்குக் கிளுவை. ஓடையோரச் சங்கஞ்செடிக்குள் கை விட்டால் முள் நான்கு பக்கமும் குத்தும். எங்கள் பக்கம் பெண்கள் “காட்டுக்குப் போறேன்” என்றால் களை எடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். காடு என்ற சொல்லுக்குள்ளேயே உழுத நிலமும் உழாத நிலமும் இருந்தன. வருவாய்க் கணக்கு இரண்டையும் பிரித்தது. உழாததைத் தரிசு என்றது, புறம்போக்கு என்றது.

இன்றைய கணக்கு இன்னும் விசித்திரம். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அளவுகோலில், ஒரு ஹெக்டேரில் மரக்கவிகை 10 சதவீதம் இருந்தால் அது வனப்பரப்பு. எந்த மரம் என்ற கேள்வி இல்லை. கண்மாயை அடைத்த சீமைக் கருவேலம் வனமாகலாம். தள்ளித் தள்ளி நிற்கும் உடைமரங்கள் வெறும் புதர் ஆகலாம். 2000இல் வந்த தரிசுநில வரைபடத் தொகுப்பு புதர் நிலத்தையும் தரிசில் சேர்த்தது. மேற்கே மலைக்கு மட்டும் மரியாதை உண்டு: 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வேண்டியதுதான். ஆனால் மலையடிவாரத்துக்குக் கிழக்கே இருந்த முள்காட்டுக்கு யார் எல்லை போட்டார்கள்?

அங்கே வந்தவை தொழிற்சாலைகள். 1923இல் அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலை இங்கே தொடங்கினார்கள்; பட்டாசு பின்னால் வந்தது. மழை குறைவு என்பது விவசாயத்துக்குச் சாபமாகவும் மருந்து காய்வதற்கு வசதியாகவும் இருந்தது. காட்டுவேலை இல்லாத மாதங்களில் பெண்கள் கட்டை அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். குச்சிக்கு மரம் நம் முள்காடு தரவில்லை. கேரளத்து மட்டி போன்ற மென்மரங்கள் லாரியில் வந்தன. நனைந்த காட்டின் மரத்தை வறண்ட காட்டின் பெண்கள் எண்ணி அடுக்கினார்கள். வீட்டுக்குத் திரும்பி அடுப்பெரிக்க அவர்களுக்கு விறகு வேண்டும். அது புறம்போக்கில் இருந்தது.

அம்மாச்சியின் கரட்டில் இப்போது சீமைக் கருவேலம். செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிகிறது. கிளுவை எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். ஓடை வரை கூட்டிப்போய் இரண்டு செடிகளைக் காட்டினார்.