விக்டோரியா பொது மண்டபம்

சென்னை, பெரியமேட்டில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் கட்டடத்துக்கும் இடையே அமைந்த பொதுமன்றக் கட்டடம். ‘டவுன் ஹால்’ என்றும் வழங்கும். விக்டோரியா பேரரசியின் பெயர் தாங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராபர்ட் சிசம் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டி கட்டினார். இந்தோ-சாராசனிக் பாணி, செங்கல் முகப்பு, சுடுமண் அலங்கார விளிம்பு, திருவிதாங்கூர்ச் சாயலில் கூம்பிய கோபுரக் கூரை ஆகியன இதன் சிறப்புகள். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்கள் இங்கு அரங்கேறின. 1897இல் விவேகானந்தர் உரையாற்றினார். சென்னையின் தொடக்ககாலத் திரைப்படக் காட்சிகளும் இங்கே நடந்தன. பின்னர் நெடுங்காலம் பராமரிப்பின்றிச் சிதைந்தது. சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் மாநகராட்சி இதனைப் புதுப்பிக்கும் பணியை மேற்கொண்டது.